கிளீனர் சைடு மேட்டுக்கு அடியில் தண்ணீர்: லாரி கேபின் ஒழுகலைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு

முதலில் தெரிந்தது தண்ணீர் அல்ல, வாடை. 2024 மே மாதம், கோடை மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த பிறகு லோடு ஏற்றக் கதவைத் திறந்தேன். நனைந்த சாக்கை மூலையில் போட்டு வைத்தது போல ஒரு புழுங்கிய வாடை. கிளீனர் சைடு, அதாவது டிரைவருக்கு இடதுபக்கம் உதவியாள் உட்காரும் பக்கத்து மேட்டைக் காலால் அழுத்தினால் சளக் என்றது. தூக்கிப் பார்த்தேன். மேட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு முழுக்கத் தண்ணீர் குடித்து, பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்போல இருந்தது. ஜன்னலைச் சரியாக ஏற்றாமல் விட்டிருப்போம் என்று நினைத்தேன். வெயிலில் காய வைத்து, மறுபடி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் எனக்கு இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம் மிஞ்சியிருக்கும். அதைவிட, கர்நாடகத்தில் கித்தூர் பக்கத்தில் இரண்டு ராத்திரி மழையில் தனியாகக் கிடந்திருக்க வேண்டியதில்லை.

நான் நாமக்கல் பக்கம். வண்டி 2017 மாடல், பிஎஸ் 4, 12 சக்கரம். அந்த வருடம் தை மாதம்தான் இரண்டாம் கையாக வாங்கியிருந்தேன். நானே ஓனர், நானே டிரைவர். கிளீனர் வைத்துக்கொள்ளக் கட்டுப்படி ஆகாது, அதனால் அந்தப் பக்கத்து சீட்டு எப்போதும் காலிதான். சோற்று மூட்டை, துணிப்பை, பேப்பர் பெட்டி எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஆள் உட்காராத பக்கம் என்பதால் அங்கே தண்ணீர் சேர்வது சீக்கிரம் கண்ணில் படவில்லை. வாங்கிய தை மாதத்திலிருந்து மே வரை எங்கள் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி மழையும் இல்லை.

ஜூனில் மங்களூருக்கு ஒரு நடை போய் வந்தபோது மறுபடி தண்ணீர். இந்த முறை மேட்டுக்கு மேலேயே தேங்கி நின்றது. முன்கண்ணாடி ரப்பர் போயிருக்கும் என்று கூட இருந்த எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கேபினுக்குள் தண்ணீர் என்றால் முதலில் கண்ணாடியைத்தான் நினைப்போம். ரப்பரைத் தொட்டுப் பார்த்தால் ஓரங்களில் வெடிப்பு வேறு இருந்தது. கண்ணாடி மாற்றும் கடைக்குப் போய், கண்ணாடியைக் கழற்றி, புது ரப்பர் போட்டு, சுற்றிலும் சிலிக்கான் அடித்து 4,800 ரூபாய் கொடுத்தேன். அரை நாள் போனது. ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். பத்து நாள் கழித்து ஹோசூர் தாண்டி ஒரு மழை. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் அதே இடத்தில், அதே அளவுக்குத் தண்ணீர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெடித்த ரப்பர் கண்ணில் பட்டது என்பதற்காக ஒழுகலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஏழு வருடம் ஓடிய வண்டியில் எதைப் பார்த்தாலும் பழசாகத்தான் இருக்கும். என் பழைய ரப்பர் வெடித்திருந்தாலும் ஒழுகவில்லை. அதைக் கழற்றும் முன் பத்து நிமிடம் கண்ணாடியில் தண்ணீர் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் கேட்கவில்லை, கடையிலும் யாரும் பார்க்கவில்லை. இன்னொன்று, கடையில் அடிக்கும் சிலிக்கானில் காடி வாடை வரும் வகை ஒன்று உண்டு. அது காயும்போது விடும் அமிலம், பெயின்ட் போன தகரத்தை அரித்துத் துருப்பிடிக்க வைக்கும். கேபின் தகரத்தில் அடிக்கப் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தகரத்தைப் பிடித்துக்கொள்ளும், வண்டி குலுங்கினாலும் வெடிக்காது.

அடுத்து வாட்டர் சர்வீஸ் விடும் இடத்துக்குக் கொண்டுபோனேன். கேபினுக்குள் நான் உட்கார்ந்துகொண்டேன், வெளியே பையன் பிரஷர் குழாயால் அடித்தான். கிளீனர் சைடு கதவின் மேல் விளிம்பில் பிசிறிப் பிசிறித் தண்ணீர் உள்ளே வந்தது. கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா, கதவு ரப்பர்தான் என்று முடிவுகட்டி, இரண்டு கதவுக்கும் சேர்த்து 2,600 ரூபாய்க்குப் புது ரப்பர் ஒட்டினேன். அதுவும் வீண். அந்தப் பிரஷரில் அடித்தால் நல்ல கதவிலும் தண்ணீர் உள்ளே வரும். மழை அப்படி அடிக்காது. ஒழுகலைக் கண்டுபிடிக்கப் பிரஷர் குழாயைப் பயன்படுத்தினால் இல்லாத ஓட்டையை எல்லாம் அது காட்டும், இருக்கும் ஓட்டையை மறைத்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது.

ஜூலைக் கடைசியில் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மும்பை பக்கத்து வாஷிக்குக் கிளம்பினேன். மராட்டியர்களுக்குச் சிராவண மாதம் பிறக்கப்போகிற நேரம். விரத நாளில் அங்கே ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பாடு என்பதால், அதற்கு முன்னால் மூட்டை போய்ச் சேர வேண்டும் என்று பார்ட்டி அவசரப்படுத்தினார். ஹூப்ளி வரைக்கும் தூறல்தான். தார்வாடு தாண்டியதும் விடாத மழை. கோலாப்பூரில் பஞ்சகங்கை ஆறு நிரம்பி ஓடுகிறது என்று எதிரே வந்த நம்ம ஊர் வண்டிக்காரர் ஒருவர் டீக்கடையில் சொன்னார். பின்னால் பாடியில் தார்ப்பாய் இரண்டு மடிப்புப் போட்டிருந்ததால் லோடைப் பற்றிப் பயமில்லை. கேபினுக்குள்தான் கிளீனர் பக்கம் டேஷ்போர்டின் கீழ் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருந்தது. வாளியை வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கித்தூர் தாண்டி ஒரு டாபாவில் சாப்பிட நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து அணைந்தன. செல்ப் எடுக்கவில்லை. இரண்டாவது முறை திருப்பியபோது வைப்பர் தானாக ஒரு முறை ஓடி நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இந்த வண்டியில் பியூஸ் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்றால், கிளீனர் பக்கம் டேஷ்போர்டுக்குப் பின்னால். மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். பியூஸ்களின் கால்களில் பச்சையாகப் பாசி போல உப்புப் பூத்திருந்தது. ஒரு ரிலேயைப் பிடுங்கினால் அதன் அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூன்று மாதமாக அங்கே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நானோ தரையைத் துடைத்துக்கொண்டும் ரப்பரை மாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

அந்த இரண்டு ராத்திரியை மறக்கவே முடியாது. பெர்த் மெத்தையும் ஓரம் நனைந்திருந்தது. மின்விசிறி இல்லை, விளக்கு இல்லை, ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் அந்த வாடை. வீட்டுக்குப் போன் பண்ணி "ஒண்ணுமில்ல, லைன்ல நிக்குது" என்று பொய் சொன்னேன். மாதம் பிறந்தால் 41,000 ரூபாய் வண்டிக் கடன் டியூ கட்ட வேண்டும் என்பதுதான் தலைக்குள் ஓடியது. ஓட்டைக் கன்னடத்தில் டாபாக்காரரிடம் கேட்டு, அவர் மூலமாக எலக்ட்ரீஷியன் ஒருவர் மறுநாள் மத்தியானம் வந்தார். நல்ல மனிதர். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தப்பிச்சிருக்கு, கொஞ்சம் உயரத்துல இருந்ததால" என்று கையால் காட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. பியூஸ் பாக்ஸ், இரண்டு ரிலே, ஒரு கப்ளர் எல்லாம் பெல்காமிலிருந்து வர வேண்டும். பாகம், கூலி, அவர் வந்துபோன பெட்ரோல் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். தாமதத்துக்குப் பார்ட்டி வாடகையில் 3,000 பிடித்துக்கொண்டார். திரும்பி வர நாசிக் பக்கம் பேசி வைத்திருந்த வெங்காய லோடும் வேறு வண்டிக்குப் போய்விட்டது. வாஷியில் இன்னும் இரண்டு நாள் சும்மா நின்றேன்.

சரக்கோடு வைத்திருக்க வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதால் சேலத்திலிருந்து மும்பைக்கு ஆறு நாள் கிடைத்திருந்தது. குறுகிய தூர லோடாக இருந்தால் நின்ற இடத்திலேயே காலாவதி ஆகியிருக்கும். வழியில் வண்டி நின்றுவிட்டால் உடனே டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குச் சொல்லுங்கள். காலாவதி ஆகும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னாலிருந்து 8 மணி நேரம் பின்னால் வரைதான் நீட்டிக்க முடியும். பேப்பர் பெட்டிக்குள்ளும் தண்ணீர் போய் பர்மிட் மை கலங்கிவிட்டது. அதற்கப்புறம் எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்துவிட்டேன், காகிதங்களைப் பெர்த்துக்கு மேலே பிளாஸ்டிக் உறையில் வைக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் இந்த முறை எந்தக் கடைக்கும் போகவில்லை. கேபின் கட்டும் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் தகரம் தட்டும் டிங்கர் வேலை பார்த்து இப்போது ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஓட்டையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "எப்ப வருது தம்பி? ஓடும்போதா, நின்னுட்டு இருக்கும்போதா? தண்ணி தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று மாதமாகத் துடைத்தவனுக்கு அது கூடத் தெரியவில்லை. "ரெண்டு மழைக்குப் பாத்து எழுதி வெச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னபடி கவனித்ததில்தான் பாதி விடை கிடைத்தது. ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றபோது பெய்த மழைக்கு மேட்டில் இருந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. அடுத்த வாரம் மழை விட்ட பிறகு, ஈர ரோட்டில் மட்டும் ஓட்டினேன். அப்போதும் தண்ணீர், ஆனால் செம்மண் கலந்தது, விரலில் தேய்த்தால் நறநறவென்றது. அப்படியானால் ஒன்றல்ல, இரண்டு ஒழுகல். மேலே இருந்து ஒன்று வருகிறது, சக்கரம் அடிக்கும் தண்ணீர் கீழே இருந்து ஒன்று வருகிறது. ஒன்றை அடைத்திருந்தாலும் இன்னொன்றால் தரை நனைந்துகொண்டேதான் இருந்திருக்கும், நானும் எதுவும் சரியாகவில்லை என்றே நினைத்திருப்பேன்.

உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன், துடைக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். நிற்கும்போது பெய்த மழைக்கு வந்தால் கூரை, கூரையில் அடித்த போல்ட், விளக்கு இவற்றைச் சந்தேகப்படலாம். வேகமாக ஓட்டும்போது மட்டும் வந்தால் காற்று தள்ளும் இடம், அதாவது முன்கண்ணாடி ஓரம், வைப்பர் தண்டு இறங்கும் இடம், வெளிக்காற்று உள்ளே வரும் வழி. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்தக் காற்று வழியில் இலை சருகு அடைத்துக்கொண்டால் வடிய வேண்டிய தண்ணீர் தேங்கி உள்ளே வழியும். கதவு ஓரம் நனைந்தால் ரப்பரை மட்டும் பார்க்காதீர்கள், கதவின் அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சாதாரணம், அது அந்தத் துளை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிட்டாலே போதும். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டும் கடைகளில் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள், அதனாலும் தண்ணீர் உள்ளே வரும். மழையே இல்லாத நாளில் சில்லென்று தெளிந்த தண்ணீர் வந்தால் ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகள் எல்லாவற்றிலும் ஏ.சி. கேபின் கட்டாயம் என்பதால் இனி இந்த வகைதான் நிறைய வரும் என்று நினைக்கிறேன். டிரைவர் பெடல் பக்கம் வழவழப்பாக ஏதாவது வடிந்து, அது பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்தால் அது தண்ணீரே இல்லை, கிளட்ச் ஆயில். அதை உடனே பார்க்க வேண்டும்.

எழுதி வைத்ததைக் கொண்டுபோய்க் காட்டியதும், பெரியவர் சோதனை செய்யும் முறையைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே செய்தோம். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். பியூஸ் பாக்ஸ் பக்கம் தண்ணீர் விடப்போகிறோம் என்றால் இதை மறக்கவே கூடாது. மேட், பஞ்சு, கிளீனர் சீட்டு, டேஷ்போர்டின் கீழ் மூடி, முன் ஓரத் தூண்களின் பிளாஸ்டிக், கூரை ரெக்சினின் முன்பக்கம் எல்லாவற்றையும் அவிழ்த்தேன். தரையைத் துணியால் துடைத்து இரண்டு மணி நேரம் வெயிலில் கதவைத் திறந்து போட்டேன். நன்றாகக் காய்ந்த பிறகு தரையிலும் தூண் ஓரத்திலும் கோலமாவைத் தூவினேன். ஒரு சொட்டு ஓடினாலும் மாவில் கோடு விழுந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். குழாய் முனையில் ஒன்றும் மாட்டாமல், செடிக்கு விடுவது போல மெதுவாக. கீழிருந்து மேலே போக வேண்டும், இது முக்கியம். மேலே இருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது உள்ளே விட்டது என்றே தெரியாது. என் மனைவி வெளியே குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொண்டேன். கதவின் அடி விளிம்பு பத்து நிமிடம், ஒன்றுமில்லை. கதவுக் கண்ணாடி பத்து நிமிடம், ஒன்றுமில்லை. முன்கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரம், மேல் ஓரம் என்று ஒவ்வொன்றாக. "ஏங்க, இன்னும் விடட்டுமா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் ஆகியும் மாவு அப்படியே இருந்தது. கண்ணாடிக்கும் கதவுக்கும் கொடுத்த 7,400 ரூபாய் என் கண் முன்னால் வந்து நின்றது.

கூரைக்கு ஏறினோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கூரைத் தகரத்தின் உள்பக்கம், முன்பகுதியில், ஒரு போல்ட்டின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மரையைச் சுற்றி ஈரம் மினுங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நுனியில் ஒரு சொட்டு திரண்டது. அது கீழே விழும் என்று நினைத்தேன், விழவில்லை. கூரையின் குறுக்குச் சட்டத்தைத் தொட்டதும் அப்படியே பக்கவாட்டில் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு இடதுபக்கமாக ஓடி, முன் ஓரத் தூணுக்குள் இறங்கி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டுக்குப் பின்னால் பியூஸ் பாக்ஸின் மூடி மேல் ஒரு சொட்டு. அதற்கப்புறம்தான் தரையில் இருந்த கோலமாவில் கோடு விழுந்தது. ஓட்டைக்கும் தரையில் தண்ணீர் தெரிந்த இடத்துக்கும் நடுவில் ஆறடிக்கு மேல் இருக்கும்.

அந்தப் போல்ட் என்ன என்று சொல்ல வேண்டும். வண்டி வாங்கிய வாரமே "அண்ணமார் சாமி துணை" என்று எழுதி எல்இடி விளக்கு வைத்த பலகை ஒன்றைக் கூரை முன்னால் மாட்டினேன். குலதெய்வம் பெயர் இல்லாமல் வண்டியை எடுக்க மனம் வரவில்லை. மாட்டிய கடையில் நாலு போல்ட்டுக்குக் கூரையைத் துளை போட்டு, வயருக்கு ஒரு துளை போட்டு, ரப்பர் வாசரும் வைக்காமல் சீலன்ட்டும் அடிக்காமல் முடுக்கி விட்டிருக்கிறார்கள். வயர்த் துளை இன்னும் மோசம், வயரைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒழுகல் பற்றி யோசித்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அந்தப் பலகை எனக்கு நினைவுக்கு வரவில்லை. சாமி பெயர் எழுதிய பலகையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. கம்பெனி போட்ட துளைகளைவிட, நாம் அப்புறம் போடச் சொன்ன துளைகளை முதலில் பாருங்கள். காற்று ஹாரன், சன் விசர், கூரை விளக்கு, ஆன்டெனா, கேரியர், எதுவாக இருந்தாலும்.

ஏன் எப்போதும் கிளீனர் பக்கமே என்றும் அன்று புரிந்தது. தண்ணீர் வடிவதற்காக ரோட்டை ஓரமாகச் சரித்துத்தான் போடுகிறார்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம், ஓரங்கட்டினாலும் இடதுபக்கம் சாய்ந்துதான் நிற்போம். உள்ளே இறங்கிய தண்ணீர் எங்கே நுழைந்தாலும் இடதுபக்கம்தான் ஓடும். வாட்டர் சர்வீஸ் இடத்தில் வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றதால்தான் அன்று வழக்கமான இடத்துக்குத் தண்ணீர் வரவில்லை போல. சோதிக்கும்போது வண்டியை ரோட்டில் நிற்கும் சாய்வுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். நாங்கள் வலதுபக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை போட்டு ஏற்றி நிறுத்தினோம்.

செம்மண் தண்ணீரைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. கேபினைத் தூக்கி, பூட்டு விழுந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கீழே போனேன். தரைத் தகரத்தில் வயர்க் கட்டு உள்ளே போகும் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பாதி கிழிந்து தொங்கியது. பழைய சொந்தக்காரர் காலத்தில் ஏதோ வயர் இழுத்தபோது கிழிந்திருக்கும். பகலில் கேபினுக்குள் ஒருவர் இருட்டாக்கிக்கொண்டு உட்கார, கீழிருந்து ஒருவர் டார்ச் அடித்தாலே இந்த மாதிரி ஓட்டை வெளிச்சமாகத் தெரியும். தையல் விளிம்புகளில் இருக்கும் நுண்ணிய ஓட்டைக்குப் பஞ்சர் கடை முறைதான். வெளியே சோப்பு நுரையைத் தடவி, உள்ளிருந்து காற்றுக் குழாயால் விளிம்போடு ஊதினால் குமிழ் வரும். எனக்கு அது தேவைப்படவில்லை.

அடைக்க ஆன செலவைச் சொல்கிறேன். பி.யூ. சீலன்ட் இரண்டு டியூப் 900, ரப்பர் வாசரும் வளையமும் 180, பெரியவர் வேண்டாம் என்று சொல்லியும் நான் கொடுத்த கூலி 1,200. ஆக 2,280 ரூபாய். பலகையை இறக்கிவிட்டு ஐந்து துளையையும் தகரத் துண்டு வைத்து அடைத்துவிட்டோம். ஆனால் தண்ணீர் மாதக்கணக்கில் செய்து வைத்ததைச் சரிசெய்ய அதைவிடக் கூடுதலாக ஆனது. கிளீனர் சீட்டு போல்ட் அடியில் தகரம் பொருக்குப் பொருக்காகத் துருப்பிடித்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பெயின்ட் அடித்து, புதுப் பஞ்சும் மேட்டும் போட 3,900. பழைய பஞ்சைக் காய வைத்துத் திரும்பப் போட நினைக்காதீர்கள். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், நடுவில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். அந்த வாடையில் படுத்து எழுந்து எனக்கு ஒரு மாதமாக இருந்த வறட்டு இருமல், பஞ்சை மாற்றிய பிறகுதான் போனது.

இரண்டாம் கை வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று. எஞ்சின், டயர், எப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் பார்ப்போம், மேட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டோம். தூக்குங்கள். பஞ்சுக்கு அடியில் கை விடுங்கள். சீட்டு போல்ட், கதவடி மூலைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பியூஸ் ஒன்றைப் பிடுங்கி அதன் கால் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலை எல்லாம் ஏற்றி அரை மணி நேரம் வெயிலில் விட்டு, கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் என்ன வாடை வருகிறது என்று பாருங்கள். கேபினில் தெளித்த சென்ட் வாடை தூக்கலாக இருந்தால் கூடுதலாக ஒருமுறை மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

அண்ணமார் சாமி பலகையை இப்போது முன் பம்பருக்கு மேலே, கம்பெனியே போட்டிருந்த போல்ட் துளையில் மாட்டியிருக்கிறேன். அந்த ஐப்பசியில் தொப்பூர் கணவாய் அடிவாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க மழை. நடுவில் இரண்டு தடவை எழுந்து, டார்ச் கூட அடிக்காமல், இருட்டில் கையை நீட்டி மேட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.